நம் வீட்டுப் பிள்ளைகளும் நாட்டு நடப்பும்

உங்கள் வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளை ஒருவர் இருக்கிறாரா? அவரை அருகில் அழைத்து மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நம் ஊராட்சியின் தலைவர் யார்? நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் யார்? நாம் செலுத்தும் வீட்டு வரி எங்கே போகிறது? முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்தாலும் கிடைக்கலாம். மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்போது உங்களுக்கு விடை தெரிகிறதா என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. என் வீட்டில் நான் கேட்ட கேள்விகள்தாம் இவை. விடை தெரியாமல் விழித்தவர்களில் நானும் ஒருவன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாட்டைப் பற்றி என்ன கவலை?" என்று பெரியவர்கள் கூடும் இடத்திலெல்லாம் பேசுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் நாட்டைப் பற்றி என்ன பேசினோம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் அரசியல் என்பது தேர்தல் மாதத்தில் ஒலிபெருக்கியோடு வந்து, அதோடு திரும்பிப் போய்விடும் ஒன்று. எஞ்சிய நாட்களில், "அரசியல் நமக்கு எதற்கு? படிப்பைப் பார்" என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது.

அச்சம் பொய்யன்று

இந்த வாக்கியத்திற்குப் பின்னால் ஓர் அச்சம் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கடல் கடந்து பிழைக்கும் குடும்பங்கள் நம்முடையவை. பிள்ளையின் பெயர் ஏதேனும் ஒரு வழக்கில் சேர்ந்துவிட்டால், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது காவல்துறை விசாரணையில் அது குறுக்கே வந்து நிற்கும், விசா கைநழுவும், தங்கையின் திருமணம் தள்ளிப் போகும். ஊர்வலத்தில் கொடி பிடித்த ஒரு நாளுக்கு ஐந்தாண்டு நீதிமன்றம் சென்று வந்தவர்களை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆகவே தாய்மார்கள் அஞ்சுவதில் வியப்பில்லை.

ஆனால் அரசியலை அறிந்துகொள்வது வேறு. யாரோ ஒருவர் பின்னால் கொடி பிடித்து ஓடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி இரண்டையும் சேர்த்தே தடுத்துவிட்டோம். விளைவு என்ன? வீட்டில் பேச இடமில்லாத பிள்ளை தெருவில் பேசுகிறான். தெருவிலும் இடமில்லாத போது கைப்பேசிக்குள் போய்விடுகிறான். அங்கே அவனுக்குப் பாடம் நடத்துகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

ஒரு வானொலியும் ஒரு நிலப்படமும்

எனக்கு நாட்டு நடப்பில் அக்கறை எப்படி வந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். அது எந்த ஆசிரியரும் தந்ததன்று.

1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அப்போது எனக்குப் பதினான்கு வயது. என் மூத்த காக்கா குவைத்தில் ஒரு துணிக்கடையில் வேலையில் இருந்தார். தொலைபேசித் தொடர்பு அறுந்தது, கடிதம் நின்றது. எங்கள் தெருவில் மட்டும் குவைத்தில் ஆள் இருந்த வீடுகள் ஏழு.

அதுவரை திரைப்படப் பாடலுக்கு மட்டுமே திருகப்பட்ட எங்கள் வீட்டு வானொலி, அன்று முதல் செய்திக்கென்றே ஆயிற்று. காலையில் தில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி. இரவில் லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை. சிற்றலை இரைச்சலில் சொற்கள் மூழ்கி மூழ்கி எழும். வாப்பாவுக்குக் காது சற்று மந்தம். ஆகவே செய்தியைக் கேட்டு நோட்டில் எழுதி, பின்னர் உரக்கப் படித்துக் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. பக்கத்து வீட்டு மாமிகள் திண்ணையில் வந்து உட்காருவார்கள். "அம்மான் என்றால் எங்கே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பள்ளி நிலப்படத்தைத் தூக்கி வந்து, பாக்தாதிலிருந்து ஜோர்டானின் தலைநகருக்கு விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் கிழியும்வரை மடியவே இல்லை.

அந்த வழியாகத்தான் நம்மவர்கள் திரும்பினார்கள். பேருந்துகளில் பாலைவனம் கடந்து அம்மானை அடைந்தவர்களை ஏர் இந்தியா விமானங்கள் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தன. அன்றைய வி. பி. சிங் அரசும் வெளியுறவு அமைச்சர் ஐ. கே. குஜ்ராலும் பாக்தாதோடு பேசி வழி திறந்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 488 விமானப் பயணங்கள். தாயகம் திரும்பிய இந்தியர் சுமார் 1,70,000 பேர். செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு காக்கா வாசலில் வந்து நின்றார். உம்மா அழுதார்கள். எனக்கோ, நோட்டில் எழுதிவைத்திருந்த ஒவ்வொரு வரியும் நடந்து வந்து வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

ஓர் அமைச்சர் ஓரிடத்தில் கைகுலுக்குவதற்கும் என் காக்கா வீடு வந்து சேர்வதற்கும் தொடர்பு உண்டு என்பதை அன்று அறிந்தேன். அரசியல் என்றால் என்ன என்று எனக்கு அதைவிடத் தெளிவாக யாரும் பின்னாளில் விளக்கவில்லை.

அந்தத் தமிழோசை வானொலி 2017 ஏப்ரலில் நின்றுபோனது. அதை எண்ணிப் பெருமூச்சு விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வானொலி இல்லாவிட்டால் என்ன, செய்தி இன்று ஆயிரம் வழிகளில் வருகிறது. அன்று எங்களிடம் இருந்தது வேறொன்று: கேட்டதை எழுதி, நிலப்படத்தில் தேடி, நாலு பேர் நடுவே படித்து, "இது மெய்யா?" என்று விவாதித்த ஒரு திண்ணை.

வந்ததை அனுப்பிய பிள்ளை

இனி அண்மைக் கதை. என் ராத்தாவின் மகனுக்கு வயது பத்தொன்பது, பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நல்ல பிள்ளை. ஒரு கோடைக்காலத்துக் காலையில் அவனுடைய கைப்பேசிக்கு ஒரு தகவல் வந்தது: இன்று மாலைக்குள் ரேஷன் கடையில் விரல் ரேகை பதியாத அட்டைகள் அனைத்தும் ரத்து. யார் எழுதியது என்று இல்லை. எந்த நாள் என்றும் இல்லை. அவன் அதைக் குடும்பத்தார் அனைவருக்கும் அனுப்பிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டான்.

என் உம்மாவுக்கு, அதாவது அவனுடைய உம்மம்மாவுக்கு, எழுபத்தெட்டு வயது. யாரையும் எதிர்பாராமல் அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்களைப்போல் அறுபது, எழுபது பெண்கள். கடை ஊழியர், "அப்படி ஓர் உத்தரவே இல்லை, மெதுவாக வந்து பதியலாம்" என்று சொல்லியும் யாரும் நம்பவில்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற உம்மா தலைசுற்றி விழுந்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்தது.

மாலையில் பிள்ளை வந்து கட்டிலின் அருகே நின்றான். "மாமா, நான் எழுதவில்லையே, வந்ததைத்தானே அனுப்பினேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததால் நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இரவில் படுத்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பதினான்கு வயதில் என்னிடம் கேட்க ஏழு வீட்டார் இருந்தார்கள். இவனிடம், "இது மெய்யா, எங்கே படித்தாய்?" என்று கேட்பதற்கு ஒரு வீடுகூட இல்லாமல் விட்டுவிட்டோம். குற்றம் அவன்மீது மட்டுமா?

பதினெட்டு என்ற எண்

நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் வாக்குரிமை எளிதில் வந்ததன்று என்பதையும் அவர்களிடம் சொல்ல வேண்டும். 1920இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தபோது வரி கட்டுவோருக்கும் சொத்துடையோருக்குமே வாக்கு. மக்களில் மிகச் சிறு பகுதியினரே அதில் அடங்குவர். விடுதலைக்குப் பின் 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில்தான் ஏழையும் எழுத்தறியாதவரும் வாக்குச் சாவடிக்குள் நுழைந்தார்கள். அன்றைய வாக்காளர் சுமார் 17 கோடி 30 லட்சம் பேர். படிக்கத் தெரியாதவர்களுக்காகவே சின்னங்கள் ஏற்பட்டன.

அப்போது வாக்களிக்கும் வயது 21. அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தம் 1989 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்து, அது 18 ஆயிற்று. அதே ஆண்டு நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் பதினெட்டு வயதினர் முதன்முறையாக வாக்களித்தார்கள்.

வாக்குச் சீட்டுக்கு முன்பே இளைஞர்கள் இந்த மண்ணின் அரசியலை மாற்றியிருக்கிறார்கள் என்பதும் மறக்கத்தக்கதன்று. 1965இல் மொழிப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்கள் கல்லூரி மாணவர்கள். இரண்டாண்டு கழித்து 1967 தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில், அந்தப் போராட்டத்தில் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன், பெருந்தலைவர் காமராசரையே 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். காமராசர் தோற்றது நல்லதா என்று திண்ணைகளில் இன்றும் வழக்காடுகிறவர்கள் உண்டு; அது வேறு விவாதம். நம் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் அவர்களும் 1920இல் பட்டப் படிப்பின் இறுதிக் கட்டத்தில் கல்லூரியைத் துறந்து ஒத்துழையாமை இயக்கத்திற்குப் போனவர்தாம். அதே மனிதர் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து, ஆட்சிமொழியாகும் தகுதி தமிழுக்கு உண்டு என்று வாதாடினார்.

பிள்ளைகள் கல்லூரியைத் துறக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஜனவரி முதல் நாளன்று பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். ஒரு நாள் பிந்திப் பிறந்தாலும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாட்களாயின. பதினேழு வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் இடமுண்டு. படிவம் 6 என்று கேட்டால் போதும். வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்களும் 6அ படிவத்தின் மூலம் கடவுச்சீட்டு முகவரியில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் நேரில் வந்துதான் வாக்களிக்க முடியும். இந்த விதி நம்மைப் போன்ற ஊர்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் வந்தபோது, இருபதாண்டுக்கு முந்தைய பழைய பட்டியலில் பெயரைத் தேடும் வேலை வீட்டுக்கு வீடு நடந்தது. எங்கள் தெருவில் முதியவர்களின் பெயர்களைக் கைப்பேசியில் தேடிக் கொடுத்தவன் நம் பாலிடெக்னிக் பிள்ளைதான். மணமாகி வந்த ஊரில் ஒரு பெயர், பிறந்த ஊரில் ஒரு பெயர், தந்தை பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் ஒரு வரலாறு இருப்பதை அவன் அப்போதுதான் கண்டான்.

எங்கிருந்து தொடங்குவது?

பொது அறிவு வினா விடைப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. எந்த நாட்டுக்கு எது தலைநகரம் என்று ஒப்பிக்கும் பிள்ளைக்குத் தன் தெருக் குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கத் தெரியாமல் போகலாம். நாளிதழை முன்னால் போட்டு, "படி" என்று அதட்டுவதாலும் ஆகாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பெரியவர்கள் வருந்த வேண்டாம்: தொலைக்காட்சியின் முன் அமர்ந்து நாம் ஒரு தலைவரைத் திட்டி, மற்றொரு தலைவருக்குக் கைதட்டிக் கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் பல பிள்ளைகள் அரசியலை வெறுக்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் தாள்களிலிருந்து தொடங்குங்கள். மின்கட்டண அட்டையை எடுங்கள். இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பது 2016இல் வந்த அரசின் முடிவு. அதற்கு மேலுள்ள கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையம். இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. வீட்டு வரி ரசீதை எடுங்கள். ஊராட்சிக்கு வீட்டு வரி எவ்வளவு வருகிறது, மாநில அரசும் மைய அரசும் நிதிக்குழு மானியமாக எவ்வளவு தருகின்றன, அது எதற்குச் செலவாகிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் உம்மாவின் கையில் கட்டுப் போட்ட வாரத்திலிருந்து ஒரு பழக்கம் தொடங்கியது. இரவு உணவு முடிந்ததும் ஒரே ஒரு செய்தி. அதைக் கொண்டுவருவது பிள்ளைகளின் முறை. யார் சொன்னது, எந்த நாளில், வேறு எங்கே அது வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்ல இயலாவிட்டால் அச்செய்தி அன்று சாப்பாட்டு விரிப்பில் ஏறாது. கட்சி பற்றிப் பேசலாம், ஏச்சு கூடாது. முதல் இரண்டு வாரம் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. என் மகள் மட்டும் கிரிக்கெட் செய்தியாகக் கொண்டுவந்து எங்களை ஏய்த்துக் கொண்டிருந்தாள். பிறகு அவளே ஒரு நாள், பெண்களுக்கு உள்ளாட்சியில் பாதி இடம் என்ற 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, "அப்படியானால் நம் ஊராட்சியில் பெண் உறுப்பினர்கள் எத்தனை பேர்? கூட்டத்தில் அவர்கள் பேசுகிறார்களா, அல்லது அவர்கள் வீட்டு ஆண்கள் பேசுகிறார்களா?" என்று கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. சரியான கேள்வி என்பதற்கு அதுவே சான்று.

கிராம சபை

தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் உள்ளன. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், அதையொட்டி 1994இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு உயிர் தந்தன. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். சட்டமன்றத்தில் நமக்காக இன்னொருவர் பேசுகிறார். கிராம சபையில் நாமே பேசலாம். வரவு செலவைக் கேட்கலாம், பயனாளிகள் பட்டியலைப் பார்க்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை. பெற்றோர் அஞ்சுவதற்கும் இதில் ஒன்றுமில்லை. கொடி இல்லை, கோஷம் இல்லை.

ஆகஸ்ட் 15 அன்று பிள்ளையையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், கூட்டம் சோர்வாகத்தான் இருந்தது. பந்தலில் வந்திருந்தவர்களைவிட வருகைப் பதிவேட்டில் கையொப்பங்கள் அதிகம். அறிக்கையை ஒருவர் வேகமாகப் படித்துக்கொண்டே போனார். குடிநீர்த் தொட்டி தூய்மை செய்த வகையில் ஒரு தொகை என்று வந்தபோது நம் பிள்ளை எழுந்தான். கால் நடுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். "எங்கள் தெருத் தொட்டியை எந்தெந்த நாளில் தூய்மை செய்தீர்கள்?" என்று கேட்டான். "மாதம் இருமுறை செய்கிறோம், தம்பி, உட்காரு" என்று விடை வந்தது. உட்கார்ந்துவிட்டான். வீடு திரும்பும் வழியெல்லாம், "நாள் கேட்டேன், நாள் சொல்லவில்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

அன்றிரவு அவன் கொண்டுவந்த செய்தி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005இல் நாடு முழுமைக்கும் வந்த இந்தச் சட்டத்திற்கு எட்டாண்டு முன்னரே, 1997இல், தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியிருந்தது என்பதை அவன் சொல்லித்தான் நான் அறிந்தேன். வெள்ளைத் தாளில் மனு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, முப்பது நாள் தவணை. மனுவில் முதலில் அரைப் பக்கம் குற்றச்சாட்டாக எழுதியிருந்தான். அடித்துவிட்டுக் கேள்விகளை மட்டும் எழுதச் சொன்னேன். நான்கே வரிகளில் முடிந்தது. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதைப் புத்தகத்தில் செருகி வைத்துக்கொண்டான்.

இருபத்தேழாம் நாள் விடை வந்தது. ஆறு மாதத்தில் பன்னிரண்டு முறை தூய்மை செய்ததாக நாட்களோடு ஒரு பட்டியல். உணவுக்குப் பின் அதை அவன் படித்தான். கட்டு அவிழ்த்த கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே உம்மா கேட்டிருந்தார்கள். ஒரு நாளைச் சொன்னதும், "நில், நில்" என்றார்கள். "அன்றைக்குத்தானே எதிர்வீட்டுப் பிள்ளைக்குத் திருமணம்? விருந்துக்கென்று காலையிலிருந்து தொட்டித் தண்ணீரை விடாமல் இறைத்தார்களே. அன்று எப்படிக் கழுவியிருப்பார்கள்?"

பிள்ளை பட்டியலை விளக்கின் கீழே தள்ளி வைத்து அந்த நாளுக்கு நேராகக் கோடிட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் தவணை?" என்று கேட்டான். சட்டப் புத்தகத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.